ரவுன்ஹவுஸ் உயரத்தைக் கூட்டக் கேட்டுக் கடிதம் வந்தால்: ஒன்ராறியோவில் அயலவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் பதினான்கு ரவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்) வரப்போவது தெருவில் எல்லோருக்கும் தெரியும். காணியில் பலகை நட்டார்கள், கூட்டம் வைத்தார்கள், மாநகரசபையும் அனுமதித்தது. மூன்று மாடி, உயரம் 11 மீற்றர். சரி, ஆட்களுக்கு வீடு வேண்டும்தானே என்று பேசாமல் இருந்துவிட்டோம். இரண்டரை வருடம் போயிருக்கும், ஒருநாள் தபாலில் ஒரு வெள்ளை உறை. 11.0 மீற்றருக்குப் பதிலாகப் பில்டர் 12.5 மீற்றர் கேட்கிறார். அதைத் தீர்மானிக்கும் நகரக் குழுவின் விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்பது நாளை வீணாக்கினோம். பனிக்குள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினோம். அறுபத்து மூன்று பேர். அது ஒன்றுக்கும் உதவவில்லை. ஏன் உதவவில்லை, பிறகு எது உதவியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஸ்காபரோவில் இருப்பதால் ரொறன்ரோவின் விதிகள்தான் அதிகம் வரும். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று எங்கே இருந்தாலும் மேலே இருப்பது அதே ஒன்ராறியோ திட்டமிடல் சட்டம். பைலோவின் (மாநகரசபை போடும் உள்ளூர்ச் சட்டம்) எண்களும் உயரத்தை அளக்கும் முறையும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

விசாரணை நாள்தான் உங்கள் கடைசி நாள்

பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள்: "இங்கே தோற்றால் என்ன, மேன்முறையீடு செய்யலாம்." அந்தக் காலம் போய்விட்டது. 2022 நவம்பர் 28இல் சட்டமான மசோதா 23, சிறு விலக்கு (பைலோவின் எல்லையைக் கொஞ்சம் தாண்டக் கேட்கும் அனுமதி) விண்ணப்பங்களில் அயலவரின் மேன்முறையீட்டு உரிமையை எடுத்துவிட்டது. இப்போது மேன்முறையீடு செய்யக்கூடியவர்கள் விண்ணப்பதாரர், அமைச்சர், அரச அமைப்புகள், சட்டம் பட்டியலிட்ட மின்சார, எரிவாயு நிறுவனங்கள் போன்றவை. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 2024இல் வந்த மசோதா 185, சோனிங் (எந்தக் காணியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற பைலோ விதி) மாற்றங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதவைச் சாத்தியது.

பில்டர் தோற்றால் மேலே போகலாம், நீங்கள் தோற்றால் போக முடியாது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் கோபம்தான். ஆனால் கடிதம் கையில் வந்த அன்றே இதை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குவதுதான் புத்தி. சட்டப்படி விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன் அறிவித்தால் போதும். வழக்கமாக 60 மீற்றருக்குள் காணி வைத்திருப்பவர்களுக்குத் தபால் வரும், தெருவிலிருந்து தெரியும்படி பலகையும் இருக்கும். தபால் உரிமையாளரின் பெயருக்கே வரும் என்பதைக் கவனியுங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள், "இப்படி ஒரு கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்புங்கோ" என்று குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் தெருவில் இரண்டு கடிதங்கள் விளம்பரத் தாளோடு சேர்ந்து குப்பைக்குப் போயின.

அவர்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று பாருங்கள்

கடிதத்தை வாசிக்குமுன் ஒரு கேள்வி: இது எந்த வகை விண்ணப்பம்? உயரம் மாறுவதற்கு வழிகள் சில உண்டு, ஒவ்வொன்றிலும் உங்களுக்குள்ள இடம் வேறு.

சில நேரம் விண்ணப்பமே தேவையில்லை. விளம்பரப் படத்தில் 10 மீற்றர் கட்டடத்தைக் காட்டியிருப்பார்கள், பைலோவோ 12 மீற்றர் வரை விடும். பில்டர் 12க்குப் போனால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. "எங்களுக்குக் காட்டிய படம் இதில்லையே" என்று சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் சட்டமல்ல, பைலோதான் சட்டம். சைற் பிளான் (காணியில் கட்டடம், வழி, மரம் எல்லாம் எங்கே வரும் என்று காட்டும் வரைபடம்) திருத்தமும் அப்படித்தான். அது அலுவலர்கள் தீர்மானிக்கும் விஷயம், உங்களுக்கு விசாரணை எதுவும் இல்லை.

பைலோவின் எல்லையைக் கொஞ்சம் தாண்ட வேண்டுமென்றால் கமிற்றி ஒஃப் அட்ஜஸ்ற்மென்ற் என்ற, மாநகரசபை நியமித்த குழுவிடம் சிறு விலக்கு கேட்பார்கள். மைனர் வேரியன்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ரவுன்ஹவுஸ் உயர மாற்றங்களில் அயலவர் பெரும்பாலும் சந்திப்பது இதுவே, இந்தக் கட்டுரையில் முக்கால்வாசியும் இதைப் பற்றித்தான். எல்லையைப் பெரிதாகத் தாண்டினால், உதாரணத்துக்கு மூன்று மாடி அனுமதி உள்ள இடத்தில் ஆறு மாடி கேட்டால், சோனிங் திருத்தம் வேண்டும். அதற்கு 120 மீற்றர் வரை அறிவித்தல் போகும், பொதுக்கூட்டம் நடக்கும், கடைசியில் வாக்களிப்பது மாநகரசபை உறுப்பினர்கள். அங்கே உங்கள் கவுன்சிலரின் வாக்குக்குப் பெறுமதி உண்டு. ரொறன்ரோக் கமிற்றியில் அவருக்கு வாக்கு இல்லை, கடிதம் மட்டும் அனுப்பலாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஒரு பில்டர் தானே விண்ணப்பித்துத் தன் காணிக்கென்று சோனிங் திருத்தம் வாங்கியிருந்தால், அது நிறைவேறி இரண்டு வருடத்துக்குள் அதே காணிக்குச் சிறு விலக்கு கேட்க முடியாது. கேட்க வேண்டுமென்றால் முதலில் மாநகரசபை தீர்மானம் போட்டு அனுமதிக்க வேண்டும். திட்டமிடல் சட்டத்தின் 45ஆம் பிரிவில் இது இருக்கிறது, 2016 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ரவுன்ஹவுஸ் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித் தனிச் சோனிங் வாங்கித்தான் வருகின்றன. ஆகவே பைலோ நிறைவேறிய திகதியைத் தேடுங்கள். இரண்டு வருடம் ஆகவில்லை, சபைத் தீர்மானமும் இல்லை என்றால் நீங்கள் உயரத்தைப் பற்றி வாயே திறக்கத் தேவையில்லை. எங்கள் விஷயத்தில் அந்தக் காலம் தாண்டிவிட்டது. நாள் எண்ணிக் காத்திருந்துதான் வந்தார்கள் என்று அயலில் கதை. இருக்கலாம். காத்திருப்பது குற்றமில்லையே.

எண்களை வாசிப்பது: எங்கிருந்து அளக்கிறார்கள்?

ரொறன்ரோக் கடிதத்தில் கேட்கும் விலக்குகள் இலக்கமிட்டு இருக்கும். ஒன்று ஏறத்தாழ இப்படி: "அத்தியாயம் 10.60.40.10(1), பைலோ 569-2013. அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உயரம் 11.0 மீற்றர். முன்மொழியப்பட்ட உயரம் 12.5 மீற்றர்." இதில் 10.60 என்பது ரவுன்ஹவுஸ் சோனைக் குறிக்கிறது. 569-2013 என்பது 2013 மேயில் ரொறன்ரோ முழுவதற்கும் கொண்டுவந்த பைலோ. ஆனால் ஸ்காபரோவில் சில காணிகள் இன்னும் அதற்குள் வரவில்லை. அவற்றுக்குப் பழைய ஸ்காபரோ நகரின் சமூகப் பைலோக்கள்தான் ஆட்சி செய்கின்றன. எந்தப் பைலோ என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏனென்றால் உயரம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம். மேல்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் எவை என்று பைலோதான் சொல்லும். சில ஊர்களில் சாய்ந்த கூரைக்கு இறவாரத்துக்கும் முகட்டுக்கும் நடுவில் அளக்கிறார்கள். 569-2013இல் கட்டடத்தின் மிக உயர்ந்த புள்ளி வரை அளக்கிறார்கள். ஒரே வீடு ஓரிடத்தில் 10 மீற்றர், இன்னோரிடத்தில் 11.2 மீற்றர் என்று வரலாம். அந்த ஊரில் 10 விட்டார்களே என்று ஒப்பிட்டுப் பேசினால் பில்டரின் பிளானர் (அவருக்காகப் பேசும் திட்டமிடல் நிபுணர்) ஒரே வரியில் மடக்கிவிடுவார்.

கீழ்ப்புள்ளி இன்னும் சுவாரசியம். குடியிருப்புச் சோன்களில் ரொறன்ரோ "நிலைநாட்டிய தரைமட்டம்" என்ற ஒன்றிலிருந்து அளக்கிறது. முன்பக்கம் விடவேண்டிய இடைவெளிக் கோட்டைக் காணியின் இரண்டு பக்க எல்லைக்கும் நீட்டி, எல்லைக்கு 0.01 மீற்றர் வெளியே உள்ள இரண்டு புள்ளிகளின் நிலமட்டத்தை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் வெளியே! முதலில் வாசித்தபோது சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது: எல்லைக்கு உள்ளே அளந்தால் காணிக்காரர் மண் கொட்டித் தரையை உயர்த்திவிட்டுக் கட்டடம் உயரமில்லை என்று சொல்லலாம். அயலவரின் மண்ணில் அளந்தால் அந்த விளையாட்டு நடக்காது.

தனிச் சோனிங் வாங்கிய திட்டங்களில் கீழ்ப்புள்ளியைக் கடல்மட்டக் கணக்கில் ஓர் எண்ணாகவே எழுதிவைப்பதுண்டு. எங்கள் பைலோவில் 158.40. வரைபடத்தில் கூரையின் மேல்நுனி 170.90 என்று இருந்தது. கழித்துப் பாருங்கள், 12.5. சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கழித்தலை நீங்களே செய்ய வேண்டும். விலக்குப் பட்டியலில் உயர எண் மாறாமல் கீழ்ப்புள்ளி மட்டும் மாறினால், அதாவது 11.0 மீற்றர் அப்படியே இருக்க 158.40 என்பது 159.30 ஆனால், கட்டடம் 0.9 மீற்றர் உயர்ந்துவிட்டது. கடிதத்தில் "உயரம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

வரைபடங்களைப் பார்க்க ரொறன்ரோவின் விண்ணப்பத் தகவல் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் போதும். மற்ற நகரங்களில் கமிற்றியின் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, சைற் பிளான் மூன்றும் கட்டாயம் வேண்டும். குறுக்குவெட்டுத்தான் உண்மையைச் சொல்லும் படம். முன்தோற்றத்தில் மரமும் பூச்செடியும் வரைந்து அழகாக்கியிருப்பார்கள்.

மற்ற விலக்குகளையும் சேர்த்தே வாசியுங்கள். எங்கள் பட்டியலில் நான்கு இருந்தன. அதில் மூன்றாவதாக, பின்பக்க இடைவெளியை 7.5இலிருந்து 6.9 மீற்றராகக் குறைக்கக் கேட்டிருந்தார்கள். கட்டடம் உயர்கிறது, கூடவே கிட்டவும் வருகிறது. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் சின்ன விஷயம், சேர்த்துப் பார்த்தால் அப்படியில்லை.

ஏன் நடுவழியில் உயரம் கூடுகிறது?

பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். சிலவேளை அதுவும்தான். ஆனால் காரணம் தெரிந்தால் மாற்றுவழி சொல்ல முடியும், மாற்றுவழி சொல்பவரின் பேச்சுத்தான் எடுபடும்.

மிகப் பொதுவான காரணம் உட்கூரை. 8 அடி உட்கூரையை 9 அடி ஆக்கினால் மூன்று மாடிக்கு 3 அடி, கிட்டத்தட்ட 0.9 மீற்றர். 9 அடி இருந்தால் வீடு நல்ல விலைக்குப் போகும், இது முழுக்க விற்பனை விஷயம். இரண்டாவது நிலத்தடி நீர். மண்ணைத் தோண்டிப் பார்த்தபிறகு நீர்மட்டம் நினைத்ததைவிட மேலே இருந்தால் பேஸ்மென்ற்றை உயர்த்துவார்கள், அதோடு முழுக் கட்டடமும் மேலே வரும். இது உண்மையான தொழில்நுட்பக் காரணம், இதற்கு மண் ஆய்வு அறிக்கை இருக்க வேண்டும். கேளுங்கள். மூன்றாவது கூரைத்தளம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் ரவுன்ஹவுஸ்களில் ஒரு குடும்பத்துக்குக் கூரையில் இருக்கை போட இடம் கொடுப்பார்கள். அங்கே ஏறப் படிக்கட்டுக்கு ஒரு பெட்டி அறை வேண்டும். பல திட்டங்களில் எல்லையைத் தாண்டுவது கட்டடம் முழுவதும் அல்ல, இந்தப் பெட்டி அறைகள்தான்.

ஒன்ராறியோ பில்டிங் கோட் என்ற கட்டட விதித்தொகுப்பும் இதில் வருகிறது. மூன்று மாடிக்கு மேற்படாத, 600 சதுர மீற்றருக்கு மேற்படாத வீடுகளுக்கு அதன் 9ஆம் பகுதி போதும். நான்காவது மாடி வந்தால் 3ஆம் பகுதி, தீப்பாதுகாப்புச் செலவு வேறு கணக்கு. முதல் மாடி எது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அது மாடி தரைமட்டத்திலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பேஸ்மென்ற்றை அதிகம் உயர்த்தினால் அதுவே முதல் மாடியாக எண்ணப்பட்டு, மூன்று மாடி வீடு நான்காகிவிடும். ஆகவே பில்டர் எவ்வளவுதான் விரும்பினாலும் ஓர் அளவுக்கு மேல் தூக்கமாட்டார்.

நான்கு சோதனைகள்

எங்கள் அறுபத்து மூன்று கையெழுத்து ஏன் வேலை செய்யவில்லை? கமிற்றி வாக்கெடுப்பு நடத்தும் இடமல்ல. மாநகரசபை நியமித்த குடிமக்கள் சிலர் உட்கார்ந்து, 45(1)ஆம் பிரிவு கேட்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறார்கள். நான்கிலும் தேற வேண்டும். ஒன்றில் விழுந்தாலும் விண்ணப்பம் விழ வேண்டும்.

அதிகாரபூர்வத் திட்டத்தின் (நகரம் எங்கே எப்படி வளர வேண்டும் என்று சபை வகுத்த திட்டம்) பொதுவான நோக்கம் காக்கப்படுகிறதா? ரொறன்ரோவின் திட்டத்தில் "நெய்பர்ஹூட்ஸ்" என்று குறித்த பகுதியாக இருந்தால் 4.1.5ஆம் கொள்கையைத் தேடி வாசியுங்கள். புதிய கட்டடம் அயலின் தன்மையை மதிக்க வேண்டும் என்கிறது அது. உயரம், பருமன் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் காணி "நெய்பர்ஹூட்ஸ்" ஆக இருந்து அவர்களுடைய காணி வேறு வகையாக இருந்தால் இந்த வாதம் மெலிந்துவிடும். வரைபடத்தில் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சோனிங் பைலோவின் நோக்கம் காக்கப்படுகிறதா? உயர எல்லை எதற்காக வைத்தார்கள் என்பதே இங்கே கேள்வி. வெளிச்சம், தனிமை, தெருவின் அளவு என்று சொல்லலாம். தனிச் சோனிங் உள்ள திட்டத்தில் உங்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. அந்த 11 மீற்றர் எங்கிருந்தோ வந்த பொது எண் அல்ல, இதே காணிக்காக இதே பில்டர் கேட்டு, அலுவலர்கள் ஆராய்ந்து, சபை நிறைவேற்றிய எண். அப்போதைய அலுவலர் அறிக்கையைத் தோண்டி எடுங்கள். எங்கள் அறிக்கையில், பின்பக்க வீடுகளின் தனிமைக்காகத்தான் உயரம் 11 ஆகக் குறைக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்து அறுபத்து மூன்றையும் விட அந்த ஒற்றை வரி கனமானது.

காணிக்குப் பொருத்தமானதா, விரும்பத்தக்கதா? இது கொஞ்சம் வழவழப்பான கேள்வி. இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

கடைசியாக, சிறியதா? பில்டரின் பிளானர் "வெறும் 13.6 சதவீதம்" என்பார். சதவீதம் மட்டும் விடையல்ல. தாக்கம் இல்லை என்று நிரூபித்தால் போதும் என்பதும் விடையல்ல. 2005இல் வின்சென்ற் எதிர் டிகாஸ்பெரிஸ் வழக்கில் டிவிஷனல் நீதிமன்றம், அளவு, தாக்கம் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அளவால் மட்டுமே ஒரு விலக்கு "சிறியது" என்ற எல்லையைத் தாண்டலாம்.

கடிதத்தில் எழுதக்கூடாதவையும் சொல்ல வேண்டும். வீட்டு விலை இறங்கும், வாடகைக்காரர் வருவார்கள், இவ்வளவு கூட்டம் வேண்டாம் போன்றவை நான்கு சோதனையிலும் இல்லை. யார் குடியிருப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். நிலத்தின் பயன்பாட்டைத்தான் சோனிங் கட்டுப்படுத்தலாம், குடியிருப்பவரின் உறவுமுறையை அல்ல என்று 1979இலேயே நோர்த் யோர்க் பைலோ வழக்கொன்றில் கனடா உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது. நாங்களும் ஒரு காலத்தில் பேஸ்மென்ற்றுகளில் இருந்து வந்த ஆட்கள்தானே. எங்கள் கையெழுத்துப் படிவத்தில் ஒருவர் எழுதியிருந்த வரியை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நிழலைக் கணக்குப் பார்ப்பது

"வெய்யில் போய்விடும்" என்று எல்லோரும் எழுதுவார்கள். எவ்வளவு போகும் என்று யாரும் எழுதமாட்டார்கள். கணக்கு கடினமில்லை.

ரொறன்ரோ பெரிய திட்டங்களுக்குக் கேட்கும் நிழல் ஆய்வில் மார்ச் 21, ஜூன் 21, செப்டெம்பர் 21 போன்ற நாள்களில் காலை 9:18 முதல் மாலை 6:18 வரை மணிக்கொரு படம் வேண்டும். இந்த 18 நிமிடம் என்ன கூத்து என்று யோசித்திருக்கிறேன். எங்கள் நேர வலயத்தின் நடுக்கோடு மேற்கு 75 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோவோ 79.4இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆகவே சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ 18 நிமிடம் பிந்துகிறது. கோடை நேரத்தில் சராசரியாக 1:18தான் உண்மையான நண்பகல்.

மார்ச் 21 நண்பகலில் ரொறன்ரோவில் நிழலின் நீளம் உயரத்தின் 0.95 பங்கு. ஜூன் 21இல் 0.37. டிசெம்பர் 21இல் 2.37. எங்கள் பின்வளவுக்குத் தெற்கேதான் அந்தக் கட்டடம், தட்டைக் கூரை, வேலியிலிருந்து 7.5 மீற்றர் தள்ளி. 11.0 மீற்றர் உயரத்துக்கு மார்ச் நிழல் 10.5 மீற்றர், வேலி தாண்டி வளவுக்குள் 3 மீற்றர். 12.5 மீற்றருக்கு 11.9, வளவுக்குள் 4.4. பின்பக்க இடைவெளியை 6.9 ஆகக் குறைத்தால் 5 மீற்றர். வேலியோரத்தில் இரண்டு பாத்தி, அதில் வெந்தயமும் கீரையும் போடுகிறோம். இரண்டாவது பாத்தி 3.2 மீற்றரில் தொடங்குகிறது. அனுமதித்த கட்டடத்தில் அது தப்பும், கேட்கும் கட்டடத்தில் தப்பாது.

நான் ஒரு முளையை அடித்து, இடங்களை நாடாவால் அளந்து, படம் எடுத்து, இந்த மூன்று எண்ணையும் படத்தின்மேல் எழுதி அனுப்பினேன். கமிற்றி உறுப்பினர் ஒருவர் திரையில் அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார்.

டிசெம்பர் நிழலைப் பற்றிப் பேச ஆசை வரும், ஏனென்றால் எண் பெரியது. பேசாதீர்கள். 11 மீற்றர் கட்டடத்துக்கே டிசெம்பரில் 26 மீற்றர் நிழல், அனுமதித்த கட்டடமே வளவையும் வீட்டையும் மூடிவிடும். ஒப்பிட வேண்டியது வெறுங்காணியோடு அல்ல, அனுமதித்த கட்டடத்தோடு. மேலதிகமாகக் கேட்கும் 1.5 மீற்றர் என்ன செய்கிறது என்பது மட்டுமே கேள்வி. இதைத் தவறவிட்டுத்தான் முக்கால்வாசிக் கடிதங்கள் வீணாகின்றன.

சிறு விலக்கு விண்ணப்பத்தோடு நிழல் ஆய்வு பெரும்பாலும் வராது. கேட்கலாம். "ஆய்வைத் தரும்வரை ஒத்திவையுங்கள்" என்பது நியாயமான கோரிக்கை. வளவு வடக்கே இல்லாமல் தெற்கே இருப்பவர்கள் நிழலை விட்டுவிட்டு, யன்னல்களையும் கூரைத்தளத்தையும் பற்றிப் பேசுங்கள். அங்கே தனிமைதான் விஷயம்.

கடிதம், ஒத்திவைப்பு, விசாரணை

கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். எங்கள் வீடுகளில் அந்த வேலை பிள்ளைகளின் தலையில்தான் விழும். எழுதித் தரும் பிள்ளையிடம் கோபத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். மேலே கோப்பு இலக்கம், உங்கள் முகவரி, காணியிலிருந்து எவ்வளவு தூரம். பிறகு எந்தச் சோதனை, ஏன் தேறவில்லை, என்ன ஆதாரம். கடைசியில் என்ன வேண்டும். "மறுக்கவும்" என்று மட்டும் எழுதாமல், "மறுக்காவிட்டால் இந்த நிபந்தனைகளாவது" என்று ஒரு பந்தி சேருங்கள். கூடவே, தீர்மானத்தின் பிரதி எனக்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் அனுப்புவார்கள்.

பத்துப் பேர் ஒரே கடிதத்தைப் பிரதியெடுத்து அனுப்புவதைவிட, மூன்று பேர் தங்கள் வளவிலிருந்து மூன்று வேறு படம் அனுப்புவது மேல்.

விசாரணைக்குச் சில நாள் முன்பு நகரத்தின் திட்டமிடல் அலுவலர் அறிக்கை வரலாம். எல்லா விண்ணப்பத்துக்கும் வராது. வந்தால் கட்டாயம் வாசியுங்கள், கமிற்றி அதற்குக் கனம் கொடுக்கும்.

விசாரணையில் முதலில் விண்ணப்பதாரரின் ஆள் பேசுவார், பிறகு அயலவர்கள், பிறகு அவருக்கே பதில் சொல்ல வாய்ப்பு, அப்புறம் அங்கேயே வாக்கு. உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நாங்கள் முதல் தடவை கையெழுத்துக் கட்டோடு போனபோது, "இதில் எந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று பணிவாகத்தான் கேட்டார்கள். பதில் இல்லை. நல்லகாலம், பின்வீட்டு அக்கா எழுந்து, வரைபடம் இணையத்தில் ஏறி நான்கு நாள்தான் ஆகிறது, வாசிக்க அவகாசம் வேண்டும் என்று ஒத்திவைக்கக் கேட்டார். கொடுத்தார்கள். ஆறு கிழமை கிடைத்தது. உண்மையான வேலை அந்த ஆறு கிழமையில்தான் நடந்தது.

அந்த இடைவெளியில் பில்டரின் பிளானரோடும் பேசினோம். வீட்டு வரவேற்பறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வரைபடத்தை விரித்தால் ஆள் வேறு மனிதர். படிக்கட்டுப் பெட்டி அறைகளை முன்பக்கம் தள்ள முடியும் என்று அங்கேதான் ஒத்துக்கொண்டார். இரண்டாவது விசாரணைக்கு அவர்களே 12.1 மீற்றருக்குக் குறைத்துத் திருத்திக் கொண்டுவந்தார்கள், பின்பக்க இடைவெளியை 7.5 ஆகவே விட்டார்கள். நாங்கள் கேட்டது 11. கிடைத்தது இது.

வீடு வாங்கியவர்களுக்கு ஒரு சொல்

கட்டுமுன்பே வாங்கியவர்களும் இந்த மாற்றத்தில் மாட்டுகிறார்கள். உங்கள் ரவுன்ஹவுஸ் கொண்டோமினியமாக இருந்தாலோ, பொது வீதி மட்டும் கொண்டோவாக இருந்தாலோ, கொண்டோமினியம் சட்டத்தின் 74ஆம் பிரிவைப் பற்றி லோயரிடம் கேளுங்கள். முக்கியமான மாற்றம் என்றால் திருத்திய வெளிப்படுத்தல் அறிக்கை தர வேண்டும், அது கிடைத்து 10 நாளுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உண்டு. மாற்றம் முக்கியமானதா என்பதில்தான் வழக்கே நடக்கும். முழு உரிமை வீடென்றால் ஒப்பந்தத்தில் பில்டர் வடிவமைப்பை மாற்றலாம் என்று எங்கேயோ ஒரு பந்தி இருக்கும். கையெழுத்து வைக்குமுன் அதைத் தேடுங்கள்.

தீர்மானத்துக்குப் பிறகு

விலக்குக் கொடுத்தால் அது காணியோடு ஒட்டிக்கொள்ளும், பில்டர் விற்றாலும் வாங்கியவருக்குப் போகும். அதனால் நிபந்தனைகள் முக்கியம். கேட்க வேண்டிய முதல் நிபந்தனை: இன்ன திகதியிட்ட வரைபடங்களுக்கு ஏற்பவே கட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் 12.1 என்ற எண்ணுக்குள் அவர்கள் வேறொரு கட்டடத்தைக் கட்டலாம், பெட்டி அறை மறுபடி உங்கள் பக்கம் வந்து நிற்கும். கூரைத்தளத்தின் பின்விளிம்பில் மறைப்பு, வேலியோர மரங்கள் என்பவற்றையும் கேட்கலாம்.

தீர்மானம் எழுத்தில், காரணத்தோடு வரும். அயலவரின் பேச்சும் கடிதமும் அதில் என்ன பங்கு வகித்தன என்றும் சொல்ல வேண்டும். 20 நாள் மேன்முறையீட்டுக் காலம். மறுக்கப்பட்ட பில்டர் மேன்முறையீடு செய்தால் ரொறன்ரோவில் அது உள்ளூர் மேன்முறையீட்டு மன்றத்துக்கும், மற்ற ஊர்களில் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்கும் போகும். அங்கே நீங்களாகத் தொடங்க முடியாது. ஆனால் தொடங்கியதில் சேர்ந்துகொள்ள விண்ணப்பிக்கலாம். நிலத் தீர்ப்பாயத்தில் வெறும் பங்கேற்பாளராகச் சேர்ந்தால் எழுத்தில் மட்டும்தான் கருத்துச் சொல்லலாம்.

பிறகு கட்டடம் எழும்பும்போது பாருங்கள். கூரைச் சட்டங்கள் ஏறும் கிழமைதான் சரியான நேரம். உயரம் பிழைத்திருந்தால் அப்போது சொன்னால் திருத்தலாம், கூரை மூடியபிறகு சொன்னால் கட்டிவிட்டோமே என்று இன்னொரு விலக்குக் கேட்டு வருவார்கள். கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாது, தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் உயரமாகத்தான் தெரியும். நகரத்தின் 311 தொலைபேசிச் சேவையைக் கூப்பிட்டு, அனுமதித்த வரைபடத்தில் கூரைநுனி எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அளந்து பார்க்கும்படி கட்டடப் பரிசோதகரைக் கேளுங்கள். எங்கள் திட்டத்தில் நாங்கள் எழுதிவைத்திருக்கும் எண் 170.50. அது குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தோடு ஒட்டியிருக்கிறது, பேர்மிற் இலக்கமும் பக்கத்தில்.